மார்க்கிராஃப் காத்த எல்லை

முன்னொரு காலத்தில் ஜெர்மானிய தேசத்தில் ஓர் அரசர் இருந்தார். விருந்தில் யாரையாவது மாட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் சபையின் விதூஷகன் யோஸ்ட். அவனைக் கண்டாலே வயிறெரிகிறவர் வுல்ஃப்ராம் பிரபு.

வுல்ஃப்ராமின் பட்டம் மார்க்கிராஃப். கிராஃப் என்றால் ஒரு சீமையை ஆளும் பிரபு. எதிரி நுழையக்கூடிய எல்லையில் காவல் இருக்கும் கிராஃபுக்குத்தான் மார்க்கிராஃப் என்று பெயர். அரசரிடம் ஆள் அனுப்பி உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தால் நாடே போய்விடும் இடம் அது. ஆகவே படை திரட்டவும் குற்றவாளியைத் தூக்கிலிடவும் அவருக்கே அதிகாரம் கொடுத்து, மற்ற பிரபுக்களுக்கு ஒரு படி மேலே வைத்தார்கள். காலப்போக்கில் எல்லை எங்கோ நகர்ந்துவிட்டது. பட்டம் மட்டும் அப்பன், பிள்ளை, பேரன் என்று இறங்கி வந்தது. நம் வுல்ஃப்ராம் குதிரை ஏறியதெல்லாம் வேட்டைக்குத்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைய விருந்தில் யோஸ்ட், "மார்க்கிராஃப் அவர்கள் காக்கும் எல்லை இந்த மேசையின் விளிம்புதான். அதைத் தாண்டி ஒரு கோழிக்கால்கூடத் தப்பியதில்லை" என்று சொல்லிவிட்டான்.

சபை சிரித்தது. வுல்ஃப்ராம் எழுந்தார்.

"அரசே, யாரையும் கேளாமல் தூக்கிலிடுவது என் பட்டத்தின் உரிமை. அதை இன்று கோருகிறேன்."

சிரிப்பு நின்றது. "உரிமை உரிமைதான்" என்றார் அரசர். "யோஸ்ட், முடிந்தால் தப்பித்துக்கொள்."

முற்றத்தில் அவன் கழுத்தில் சுருக்கு விழுந்தது. யோஸ்ட் வுல்ஃப்ராமை வணங்கினான்.

"பிரபுவே, தங்கள் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எல்லைக்காகக் கொடுத்த உரிமை. எல்லையில் வைத்துத் தூக்கிலிடுங்கள். முன்னே நடங்கள், பின்னே வருகிறேன்."

"நியாயம். அழைத்துச் செல்லும்" என்றார் அரசர்.

அரசரும் சபையாரும் பின்தொடர, வுல்ஃப்ராம் கயிற்றைப் பிடித்தபடி கோட்டை வாசலுக்கு வந்தார். அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். தம் எல்லை எந்தத் திசையில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். காவலர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மார்க்கிராஃப் நிற்கும் இடமே எல்லை. இங்கேயே தூக்குங்கள்" என்றார் கடைசியில்.

கயிறு வாசலோரம் நின்ற மரத்தின் கிளை மேல் போயிற்று. சுருக்கு இறுகியது. யோஸ்ட் குதிகாலை உயர்த்தி, கிடைத்த மூச்சில் பேசினான்.

"அரசே, இது எல்லை என்றால் நம் நாடு இந்த வாசலோடு முடிகிறது. வெளியே தெரியும் வயல்கள் எதிரியுடையவை. அவற்றை எப்போது இழந்தோம் என்று காவல் இருந்தவரைக் கேட்டுவிட்டு என்னைக் கொல்லுங்கள்."

அரசர் தம் கோதுமை வயல்களைப் பார்த்தார். பிறகு, "சொல்லும் மார்க்கிராஃப், என் வயல்களை யாரிடம் விட்டீர்?" என்றார்.

வுல்ஃப்ராம் முகத்தில் ஈயாடவில்லை. "இது எல்லை அல்ல, அரசே."

"அப்படியானால் தூக்கிலிடும் உரிமையும் இங்கே இல்லை" என்றான் யோஸ்ட், கம்மிய குரலில்.

அப்போதுதான் அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "கயிற்றை நீரே அவிழ்த்துவிடும். பிறகு உம் எல்லையைத் தேடிப் புறப்படும். அதைக் கண்டு திரும்பும்வரை உம் ஆசனம் யோஸ்டுக்கு."

அன்று யோஸ்ட் பிரபுக்கள் வரிசையில் அமர்ந்தான். அவன் முன்னே முழு வாத்து ஒன்றைப் பொரித்து வைத்தார்கள். தொண்டை புண்ணாகியிருந்ததால் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. அதையே இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தான்.