சுழியன் மேடேறிய கதை

ஆற்றங்கரையில் அலரி என்ற நீர்நாய் வாழ்ந்துவந்தது. அதன் கடைக்குட்டி சுழியனுக்குப் பிறவியிலேயே வலப்பக்கக் கால்கள் இரண்டும் விறைப்பு. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் எல்லாரும் மேட்டு வளைக்கு ஏறியாக வேண்டும். சுழியன் எப்படி ஏறுவான்? அந்தக் கவலை அலரியை அரித்தது.

ஆமை வைத்தியர், காலைப் பிடித்துவிட்டால் சரியாகும் என்றார். நாரை வைத்தியர், முதலில் ஒற்றைக் காலில் நிற்கப் பழகணும் என்றார். அலரி இரண்டையும் செய்தது. பாதிக் கோடை வைத்தியத்துக்காகவே சுழியன் பாறைமேல் கிடந்தான். அண்ணன்மார் சேற்றில் சறுக்கி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். ஆனால் மேட்டில் ஒரு சாண்கூட ஏற முடியவில்லை.

வைத்தியர்கள் இருவருக்கும் சண்டை மூண்டது. யாருடைய முறை பெரிது என்று கரையே அதிர வாதாடினார்கள். கால் மடங்கிப் பிறந்த கீரிக் குட்டியை நடக்க வைத்ததே தான்தான் என்றார் ஆமை.

அலரி யோசித்துக் கேட்டது: “அதோடு பிறந்த இன்னொரு குட்டிக்கும் அப்படித்தானே கால் மடங்கியிருந்தது? அதை நீங்கள் தொடவே இல்லை. அதுவும் இப்போது ஓடுகிறதே?”

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

அலரி மகனிடம் போனது. “உனக்கு என்னடா வேணும்?”

“மேட்டில் ஏறணும், அம்மா. ஏறிச் சறுக்கணும்.”

இதை ஏன் முன்பே கேட்கவில்லை என்று அலரி தன்னையே நொந்துகொண்டது. உடனே அவனை மேட்டடிக்குக் கூட்டிப்போய், சற்று மேலே ஒரு மீனை வைத்தது. சுழியன் ஏறினான், உருண்டான், சிரித்தான், மறுபடி ஏறினான். தினமும் இதே கூத்துதான். மீன் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. வாலை ஊன்றி, நண்டுபோலப் பக்கவாட்டில் நகர அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். அது முறையல்ல என்றார் நாரை. அலரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் மழை இறங்கிய காலையில் சுழியன் மேட்டு உச்சியில் நின்றான். கால்கள் விறைப்பாகவேதான் இருந்தன. “வழி விடுங்க!” என்று கத்திக்கொண்டு சேற்றில் சர்ரென்று சறுக்கி, அண்ணன்மார் மேலேயே போய் விழுந்தான். கரை முழுக்கச் சிரிப்பு. பிறகு குடும்பம் மொத்தமும் மேட்டு வளைக்கு ஏறியது. அவனும் தானாகவே ஏறினான்.

ஆமை மெல்ல வந்து, பையனுக்கு இனிமேலும் காலைப் பிடித்துவிடலாமா என்று கேட்டார்.

“தாராளமாக. அவனுக்கு அது பிடிக்கும்,” என்றது அலரி. “ஆனால் சுகமாயிருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். நடக்க வைக்கும் என்று சொல்லாதீர்கள்.”

“அப்படியானால் உன் முறைதான் சரி என்கிறாயா?”

“என் பிள்ளைக்குப் பலித்தது. மற்றப் பிள்ளைகளுக்குப் பலிக்குமா என்று பார்த்துத்தானே சொல்லணும்?”

ஆமையும் நாரையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வரும் கோடையில் மற்றக் குட்டிகளுக்கும் சேர்ந்தே செய்து பார்ப்போம் என்று அன்றைக்கே முடிவானது.

ஒரு வைத்தியத்தின் பெருமையை அதைச் செய்பவர் வாயில் தேடாமல், பிள்ளை ஆசைப்பட்டது பிள்ளைக்குக் கைகூடியதா என்று பார்த்து அறிவதே நல்லது.