நாய்வேளைக்கு நாய் கொடுத்த பெயர்

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் பேசும், விலங்குகளும் பேசும். வாய்க்குக் குறைவில்லை, பெயருக்குத்தான் குறைச்சல். ஒரே சாயலில் இருக்கும் செடிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்தான் இருந்தது. தரையோடு படர்கிறதும் நெருஞ்சி, முழங்கால் உயரம் நிற்கிறதும் நெருஞ்சி. சொல்கிறவர் சுட்டிக் காட்டினால்தான் எதுவென்று தெரியும்.

வேளைச் செடிகளும் அப்படித்தான். மழை பெய்த மறுவாரம் குளத்துக்கரையெங்கும் இரண்டு வகை வேளை முளைக்கும். ஒன்று வெள்ளையாகப் பூக்கும். அதன் இலையைக் கடைந்தால் லேசான கசப்போடு வாய்க்கு நன்றாக இருக்கும். மற்றது மஞ்சளாகப் பூக்கும். தொட்டால் கையில் பிசுபிசுக்கும், வாயில் வைத்தால் பச்சைக் கடுகு போலக் காந்தும். பூத்துவிட்டால் குழப்பமில்லை. பூப்பதற்கு முன்னால் இரண்டுக்கும் விரல் விரித்த மாதிரி ஒரே இலை.

அந்தக் குளத்துக்கரை ஊரில் சடைச்சி என்றொருத்தி இருந்தாள். கணவன் இல்லை, ஒரே மகள். அந்த மகளைத் தன் அண்ணன் மகனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருஷத்து ஆசை. அண்ணன் குருவனுக்குச் சம்மதம்தான். அவர் மனைவி ஒச்சாயிதான் பிடிகொடுக்காமல் இருந்தாள். ஒருவழியாக, பேசி முடிக்க இருவரும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வருகிற அன்று காலையிலிருந்தே தூறல். அண்ணனுக்கு வேளைக்கீரை என்றால் உயிர். சடைச்சி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினாள். அவசர அவசரமாகக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். மழைத்தண்ணீரில் பிசுபிசுப்பும் கைக்குத் தெரியவில்லை.

உச்சிப்பொழுதில் இலை போட்டாள். குருவன் முதல் கவளத்தை வாயில் வைத்தார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒச்சாயி துப்பியே விட்டாள்.

"பொண்ணு கொடுக்கத்தான் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன், மதினி," என்று கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வேணும்னு செய்வேனா? வேளைன்னுதானே கிள்ளினேன்."

"எந்த வேளையோ," என்று சொல்லிவிட்டு ஒச்சாயி வாசலில் போய் நின்றுகொண்டாள். குருவனும் கை கழுவினார்.

சடைச்சிக்கு அழுகையாக வந்தது. சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் அப்படியே கவிழ்த்தாள். அங்கே செவலை படுத்திருந்தது. யார் வீட்டு நாயும் இல்லை. ஆனால் பல நாள் அவள் வைத்த சோற்றைத் தின்ற நாய். அது எழுந்து வந்து கீரையை மோந்தது. ஒரு தும்மல் போட்டது. பிறகு தலையைக் குனிந்து முழுவதையும் தின்று முடித்தது.

"காந்தலையா உனக்கு?" என்று கேட்டாள்.

"காந்துது, தாயி. ஆனா நீ சமைச்சதாச்சே."

சடைச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நேரே குளத்துக்கரைக்குப் போனாள். செவலையும் பின்னாலேயே போனது. இவள் போகிற வேகத்தைப் பார்த்து ஊர்த்தலைவர் வீரணனும் நாலைந்து பேரும் என்னவோ ஏதோ என்று கூடிவிட்டார்கள். குருவனும் ஒச்சாயியும்கூட வந்து நின்றார்கள்.

"உங்கள்ள யாரு என் சட்டிக்குள்ள வந்தது?" என்று சடைச்சி செடிகளைக் கேட்டாள்.

மஞ்சள் பூக்காரிதான் வாயைத் திறந்தாள். "நான்தான். நீ கிள்ளும்போதே 'நான் இல்லை, நான் இல்லை' என்று சொன்னேன். மழைச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை."

சடைச்சிக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் வீரணன் விடவில்லை. "ரெண்டுக்கும் ஒரே பேரு இருந்தா இன்னைக்கு சடைச்சி வீட்டுல, நாளைக்கு என் வீட்டுல. பேருக்கு முன்னால ஆளுக்கொரு சொல்லு வச்சுட்டாப் போச்சு. வெள்ளைப் பூக்காரி நல்லவ. அவ நல்வேளை."

எல்லோரும் சரி என்றார்கள்.

"அப்ப இவ கெட்டவேளை," என்றாள் ஒச்சாயி.

அதற்கும் தலைகள் ஆடின. ஆடிய பிறகுதான் அந்தப் பெயரின் கனம் எல்லோருக்கும் உறைத்தது. கெட்ட வேளையை யார் வாசலில் வளரவிடுவார்கள்? கல்யாணத்துக்குப் புறப்படுகிறவன் வழியில் கண்டால் பிடுங்கி எறிவான். பிள்ளை பெற்ற வீட்டுப் பக்கம் ஒரு தளிர் விட முடியாது. ஒரு பெயரோடு அந்தக் குலமே போய்விடும்.

செடியின் இலைகள் தொங்கிப்போயின. "என்னைத் தின்னலாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லையே," என்றது மெல்ல.

அப்போது செவலை முன்னால் வந்தது. "நாய்ங்கிற எம் பேரை வச்சுக்கட்டும்," என்றது.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. வீரணனும் சிரித்தார். "உன் பேரா? யாரையாச்சும் திட்டணும்னாத்தான் உன் பேரையே எடுக்கிறோம்."

"அதனாலதான் சொல்றேன், ஐயா," என்றது செவலை. "நாய்னு சொன்னா என்ன செய்வீங்க? சீன்னு சொல்லி ஒதுங்கிப் போவீங்க. கெட்ட நேரம்னு நெனச்சு யாரும் என்னை வேரோட பிடுங்கினதில்லை. இந்தச் செடிக்கும் அவ்வளவு போதும். நீங்க ஒதுங்கிப் போனாப் போதும்."

சிரிப்பு நின்றது. செடி நாயிடம் கேட்டது: "எனக்காக ஏன் உன் பேரைக் கொடுக்கிறாய்?"

"வெயில் நேரத்துல உன் நடுவுலதான் படுக்கிறேன். அங்க மட்டும்தான் யாரும் கல்லெறியிறதில்லை."

"என்னால் உன் பேருக்கு இன்னும் இழுக்கு வரும்."

"வந்தா வரட்டும். புதுசா வர்றதுக்கு அதுல என்ன இருக்கு?"

வீரணன் சடைச்சியைப் பார்த்தார். "பாதிக்கப்பட்டவ நீதான். நீ சொல்லு."

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒச்சாயியும் பார்த்தாள். மதினி வைத்த பெயரைத் தள்ளினால் கல்யாணப் பேச்சு இன்றோடு முறிந்துபோகலாம் என்று சடைச்சிக்குத் தெரியும். மகளை நினைத்துக்கொண்டாள். அப்புறம் தும்மிவிட்டுத் தலைகுனிந்து தின்ற நாயைப் பார்த்தாள். தான் சமைத்ததை அன்று தின்றது அது ஒன்றுதான்.

களைக்கொத்தைக் கீழே போட்டாள்.

"மதினி மன்னிக்கணும். இது நாய்வேளை," என்றாள்.

"அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று வீரணன் கேட்டார்.

"பார்க்க நம்ம வேளை மாதிரியே இருக்கும். ஆனா நமக்கு ஆனது இல்லை, நாய்க்கு ஆனது. கிள்ளவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம்."

ஒச்சாயி முன்னால் வந்தாள். "ஒரு செடி மேல பழியைப் போட்டுத் தப்பிச்சுக்கிறவ இல்லை நீ. வேணும்னு செஞ்சிருக்க மாட்டே," என்றாள். பிறகு, "பசிக்குது, மதினி. எது நல்வேளைன்னு காட்டு, நானும் கிள்ளுறேன்," என்றாள்.

இரண்டு பெண்களும் ஒவ்வொரு செடியிடமும் பெயர் கேட்டு நல்வேளையாகப் பார்த்துக் கிள்ளினார்கள். அன்று சாயங்காலம் குருவன் இரண்டு முறை கீரை வாங்கிச் சாப்பிட்டார். தை மாதத்தில் கல்யாணமும் ஆயிற்று.

இந்தச் செய்தி காற்றுவாக்கில் மற்றச் செடிகளுக்கும் போயிற்று. ஒரே பெயரில் சங்கடப்பட்டவையெல்லாம் விலங்குகளிடம் போய்ப் பெயர் கேட்டன. உயரமான நெருஞ்சிக்கு யானை கொடுத்தது. காட்டுப் பயறு ஒன்றுக்கு நரி கொடுத்தது. சாமிக்குச் சூட்ட எடுக்காத துளசி ஒன்று தயங்கித் தயங்கி செவலையிடம்தான் வந்தது. "எடுத்துக்கோ, அதுதான் இருக்கே," என்று செவலை அதற்கும் கொடுத்தது.

அன்று வைத்த வழக்கம்தான் இன்னும் நடக்கிறது. ஒரு செடியின் பெயருக்கு முன்னால் நாய் என்று வந்தால், உருவத்தில் ஒன்றுபோல இருந்தாலும் அது நமக்கானது இல்லை என்று புரிந்துகொண்டு நாமும் கையை எடுத்துக்கொள்கிறோம். நாய்வேளையும் மழைக்கு மழை வழியோரத்தில் தன் பாட்டுக்கு மஞ்சளாய்ப் பூக்கிறது.