நடுவில் விட்ட இடம்

"ஏனுங்க அம்மணி, நடுவுல இப்படி வெறுமனே விட்டுட்டா எப்படிங்க?" என்று கேட்டார் சீடர்.

சீடர் பொன்னுரங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. சர்வே ஆபீசில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். குரு மாதிக்கு முப்பத்துநாலு. வேங்கைப் பிசினைக் குழைத்து ஓவியம் எழுதுகிற மலைக்குடிப் பெண். உலகம் தலைகீழ் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

தரையில் இருபதடித் துணி விரிந்திருந்தது. மான், தேனீ, ஆடுகிற பெண்கள், குழலூதுகிற ஆண்கள், எல்லாரும் வட்டமாக நின்று நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆறடிக்கு ஒன்றுமில்லை.

அந்த வெற்றிடம்தான் சாமிப்புல். காட்டுக்கு நடுவே, சாமி இருப்பதாக மலைக்குடிகள் நம்புகிற புல்வெளி. அங்கே ரிசார்ட் கட்டக் கம்பெனிக்காரர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். மறுநாள் அரசாங்க ஆபீசில் விசாரணை.

"அங்க ஒண்ணுமே இல்லைன்னுதானுங்க அவங்களும் சொல்றாங்க."

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருஷத்துக்கு முன் அந்த இடத்தை அளந்தவர் அவர்தான். கோயிலும் இல்லை, ஒரு கல்லும் இல்லை என்று வரைபடத்தில் 'தரிசு' என்று எழுதிவிட்டு இறங்கிவிட்டார். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இப்போது ரிசார்ட் வருகிறது. அந்தக் குற்றம் உறுத்தித்தான் இவளிடம் படிக்க வந்தார்.

"நான் ஒரு சாமிய வரைஞ்சுடட்டுங்களா?"

மாதி தூரிகையை நீட்டினாள். "வரைங்க, சர்வேயரே."

வாங்கியவருக்குக் கை ஓடவில்லை. "சாமி எப்படி இருக்குமுங்க?"

"யாரு பாத்தா? எங்கம்மாகூட உள்ள காலு வெச்சதில்ல."

"அப்ப சாமி இருக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"சுத்திப் போற தடம் இருக்குதில்ல."

அவர் தூரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இது ஆபீசில் எடுபடாது என்றே நினைத்தார்.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் போய், விசாரணைக் கூடத்தில் மாதி அந்தத் துணியைச் சுவருக்குச் சுவர் விரித்தாள். வாசல் இந்தப் பக்கம், அதிகாரியின் மேசை அந்தப் பக்கம்.

அதிகாரி அம்மாள் வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த ரிசார்ட் இன்ஜினியர் வாசலில் தயங்கினார்.

"மிதிச்சுட்டு வரலாமா?"

"தாராளமா வாங்க. நெலத்து மேல நடக்கிற மாதிரிதான்" என்றாள் மாதி.

அவர் ஷூவோடு நடந்து வந்து ஃபைலை மேசை மேல் வைத்தார்.

"நேரா வந்தா பத்து எட்டு, சார். ஏன் சுத்தி வந்தீங்க?" என்று கேட்டாள் மாதி.

இன்ஜினியர் திரும்பிப் பார்த்தார். மான் மேலும் மனிதர் மேலும் ஷூத் தடம் வளைந்து கிடந்தது. நடுவில் துணி வெள்ளையாகவே இருந்தது.

"அங்க..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அதிகாரி அம்மாள் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். அவரும் சுற்றித்தான் வந்திருந்தார்.

"அங்க கட்டடம் வேண்டாம்" என்றார். பிறகு பழைய வரைபடத்தை எடுத்தார். "தரிசுன்னு எழுதினது யாரு?"

"நாந்தானுங்க" என்று சுவரோரம் நின்ற பொன்னுரங்கம் முன்னால் வந்தார்.

"அடிச்சுட்டுச் சரியா எழுதுங்க."

பொன்னுரங்கம் அடித்தார். முப்பது வருஷப் பாரம் இறங்கியது. கண்ணில் நீர் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. பேனா மட்டும் அப்படியே நின்றது.

"என்னன்னு எழுதட்டுங்க, அம்மணி?" என்று மாதியைக் கேட்டார்.

"அதான் அடிச்சுட்டீங்களே. சும்மா விடுங்க."