ரெண்டு சீட்டுச் செவலையும் நாலு எலுமிச்சம்பழமும்

வெள்ளிங்கிரி வாயைத் திறந்தால் பீளமேட்டில் அந்தச் சந்தே காதைப் பொத்திக்கொள்ளும் என்பார்கள். அது சுத்தப் பொய். பொத்துவதுபோல் கையை வைத்துக்கொண்டு விரலிடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் அந்த ஆயுத பூஜையன்று சாயங்காலம் மனுஷனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காரணம் ஷெட்டுக்குள் நின்றது. சிவப்பு நிறம், ரெண்டே சீட்டு, நீள மூக்கு, அறுபது வருஷத்துக்கு முந்தின சீமை ஸ்போர்ட்ஸ் கார். செவலை என்று பேர் வைத்திருந்தார். பதினோரு வருஷமாக அதை ரிப்பேர் பார்க்கிறார். பதினோரு ஆயுத பூஜைக்கும் நாலு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்து, பேக்கரி மயில்சாமியும் லேத்துப் பட்டறை பொன்னுசாமியும் பின்னாலிருந்து தம் கட்டித் தள்ளித்தான் பழம் நசுங்கியது.

இந்த வருஷம் அவர் சம்சாரம் தெய்வாத்தாள் சட்டம் போட்டுவிட்டாள். அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். நாலு பெரிய கிரைண்டர்கள் சமையலறையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அடுப்புக்குப் போக உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

"என்ஜின் ஓடி, வண்டி தானா நகந்து, நாலு பழமும் நசுங்கோணும். தள்ளுற சோலியெல்லாம் ஆகாது. நல்ல நேரம் அஞ்சே முக்காலோட முடியுது. அதுக்குள்ள நசுங்கலைன்னா ஷெட்டு எனக்கு, வண்டி இரும்புக் கடைக்கு."

சொன்னதோடு நிற்கவில்லை. பழைய இரும்பு வியாபாரி கந்தவேலை மினி லாரியோடு வரவும் சொல்லிவிட்டாள். அவரும் நாலே முக்காலுக்கே வந்து வாசலை ஒட்டி ஓரமாக நிறுத்திவிட்டார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், செவலை அன்று விடிகாலையில் ஓடியது. சத்தியமாக ஓடியது. வெள்ளிங்கிரி சாவியைத் திருப்பினார், ரெண்டு இருமல் இருமியது, பிடித்துக்கொண்டது. முழுசாக ரெண்டு நிமிஷம். உள்ளே கிரைண்டர் ஓடிய சத்தத்தில் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. பூஜைக்கு வண்டி பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று சாயங்காலம் நாலு மணிக்குப் பைப்பைப் பிடித்து வண்டியைத் தலையோடு குளிப்பாட்டினார். பானெட்டைத் திறந்து என்ஜினுக்கும் ஒரு குளியல். மேலே சந்தனம், குங்குமம். அதற்கப்புறம் சாவியைத் திருப்பினால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் கருப்பு மூடிக்குள் தண்ணீர் போய்விட்டது.

மூடியைக் கழற்றித் துடைத்தார். ஈரம் முழுசாகப் போக வேண்டும். அந்தச் சந்திலேயே சூடான இடம் எது என்று பார்த்தால், அப்போதுதான் ஓடி வந்து நின்ற கந்தவேலின் லாரி பானெட். செவலையைத் தூக்க வந்த வண்டி தலையிலேயே மூடியைக் காய வைத்துவிட்டு வந்தார். முக்கால் மணி நேரத்தை ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு அவரிடம் இருந்தது வாய் ஒன்றுதான்.

"காலையில ஓடுச்சுங்க இது" என்று ஆரம்பித்தார்.

மயில்சாமி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பொரி சிந்தியது. "வெள்ளிங்கிரியண்ணா, உங்க வாயில வந்ததுலயே பெரிய புளுகு இதுதானுங்க." பொன்னுசாமியும் சிரித்தார். கந்தவேல் மரியாதைக்குச் சிரித்தார். தெய்வாத்தாள் மட்டும் சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தாள்.

உண்மை விலை போகாது என்று தெரிந்துவிட்டது. கைவசம் நிறைய இருந்த சரக்கையே எடுத்தார்.

"கந்தவேலண்ணா, இதைச் சாதாரண வண்டின்னு நினைச்சுப்போடாதீங்க. டேஷ்போர்டுல ஒரு பல்பு, கடுகு சைஸு. அது எரியலை. பல்பை மாத்தோணும்னா டேஷ்போர்டைக் கழட்டோணும். டேஷ்போர்டு வரோணும்னா ஸ்டீரிங்கு வரோணும். ஸ்டீரிங்குக்கு சீட்டு எடஞ்சல். சீட்டைக் கழட்டுனேன், அது கதவு வழியா வெளிய வர மாட்டேங்குது. கதவைக் கழட்டலாம்னு முழுசாத் தொறந்தா ஷெட்டுச் செவுரு இடிக்குது."

"செவுரையும் கழட்டுனீங்களாக்கும்?" என்றார் மயில்சாமி.

"பின்ன? செவுரை எடுத்தா அக்கட்டால பக்கத்து வீட்டுச் சமையக்கட்டு. அந்தம்மா அடுப்புல ரசம் கொதிக்குது. 'ஏனுங்கம்மிணி, ஒரு பல்பு மாத்தோணும், அடுப்பைச் சித்தெ நகத்துங்க'ன்னேன். நகத்துனாங்க. அடுப்புக்கு அந்தாண்டை ரோடு. பஸ்ஸை நிறுத்தி, கழட்டுனது எல்லாத்தையும் ரோட்டுல எறக்கி, டேஷ்போர்டை எடுத்துப் பாத்தா..."

"பல்பு பீஸா?" கந்தவேல் முன்னால் நகர்ந்து வந்தார்.

"பல்பு நல்லா இருக்குதுங்க. நான் சுவிட்சைப் போடலை."

பொன்னுசாமி தலையில் அடித்துக்கொண்டார். கந்தவேல் 'அடடா' என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வெள்ளிங்கிரிக்கு நாக்கில் ஈரம் வந்தது. ஓரக்கண்ணால் லாரி பானெட்டைப் பார்த்தார். மூடி பத்திரமாக இருந்தது. மணி அஞ்சு.

"அதாவது பரவால்லீங்க. இதுக்கு கார்பரேட்டரு ரெண்டு. ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு இழுக்கோணும். ஒண்ணைச் சரி பண்ணுனா இன்னொண்ணு மூஞ்சியைத் தூக்கிக்கும். ஒரு ரப்பர் டியூப்பைக் காதுல வெச்சு, மறு நுனியைக் கார்பரேட்டருகிட்டப் புடிச்சு, சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் திருகு திருகோணும்."

"அது நிசந்தான்" என்றார் பொன்னுசாமி. லேத்துக்காரர் ஒப்புக்கொண்டதும் வெள்ளிங்கிரிக்குத் தெம்பு கூடிவிட்டது.

"கால் திருகு திருகுனேன். சிலோன் ரேடியோ கேட்டுது."

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"கேளு மாப்ள! அரைத் திருகுல சிங்கப்பூரு. முக்காத் திருகுல ஒரு பொம்பளை, 'வெள்ளிங்கிரி மாமா, நான் துபாய்ல இருந்து பேசறேன், அந்தத் திருகைத் தொடாதீங்க, இங்க எங்க லாரியெல்லாம் நின்னுபோச்சு'ங்குது. என்ற தங்கச்சி மகதான்! பாவமா இருந்துது. பழையபடி திருகி வெச்சுட்டேன். அதுனாலதான் இந்த வண்டி இத்தனை நாள் ஓடலை. நான் ஓட்டுனா துபாய் நின்னுபோகும்."

"அவ திருப்பூர்ல இருக்கறா" என்றாள் தெய்வாத்தாள்.

"அப்பத் துபாய்ல இருந்தா" என்றார் வெள்ளிங்கிரி, கண் இமைக்காமல்.

மணி அஞ்சேகால். லாரியின் சூடு இறங்கிக்கொண்டிருக்கும். வெயிலும் சாய்ந்துவிட்டது. தெய்வாத்தாள் தாம்பாளத்திலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தையும் எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். செவலை அந்தப் பழங்களைப் பார்த்தபடி சந்தனம் பூசிய முகத்தோடு நின்றது. அதை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டுவதை வெள்ளிங்கிரியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பதினோரு வருஷம் அதன் அடியில் படுத்துக் கிடந்தவர் அவர். குரலைச் சற்று உயர்த்தினார்.

"ஒயரிங் கதையைக் கேளுங்க. ஹாரனை அமுக்குனா வைப்பர் ஆடும். வைப்பரைப் போட்டா லைட்டு எரியும். சரி, லைட்டைப் போட்டா ஹாரன் அடிக்கும்னு பாத்தா, பக்கத்து மில்லுல சங்கு ஊதுது!"

"யாரு ஊதறது?" என்றார் கந்தவேல்.

"என்ற வண்டி! ஷிப்ட் முடிஞ்சுதுன்னு அத்தனை ஜனமும் சைக்கிளை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருச்சு. மறுபடி சங்கு. அடுத்த ஷிப்ட் ஆளுங்க ஓடி வாராங்க. நான் எந்த ஒயர்னு தேடி மாத்தி மாத்தி அமுக்கறேன். அன்னிக்கு ஒரே நாள்ல ஒன்பது ஷிப்ட் ஓடிருச்சு. மேனேஜர் நேரா இங்க வந்து, 'ஐயா, வாரத்துக்கு ஒருக்கா மட்டும் லைட்டைப் போடுங்க'ன்னு கையைப் புடிச்சுட்டாருங்க."

"அந்த மில்லு மூடியே இருவது வருஷமாச்சு மாப்ள" என்றார் பொன்னுசாமி.

"அதையேதான் மேனேஜரும் சொன்னாரு. 'மூடுன மில்லையே ஓட்டிட்டீங்களே'ன்னாரு."

மயில்சாமிக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. "இருக்கட்டும். ஊட்டி மலை ஏத்துனேன்னு முன்ன ஒருக்காச் சொன்னீங்களே, அந்தக் கதையையும் சொல்லிப்போடுங்க. ஷெட்டை விட்டு நகராத வண்டி எப்படி ஏறுச்சுன்னு நானும் கேக்கறேன்" என்று வலை விரித்தார்.

"ஊட்டிக்கு யாரு போனா? இங்கயே நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதிச்சேன். ரேடியேட்டரு கொதிச்சு ஆவி கெளம்புச்சு பாரு, கூரைக்கு மேல போயி, மேகமாத் தெரண்டு, மேக்கால நகந்து, மருதமலையைத் தாண்டி சிறுவாணி மலையில முட்டி நிக்குது. நாலு வருஷத்துக்கு முன்னால தீவாளி முடிஞ்சும் விடாமப் பேஞ்சுதே, அது என்ன மழைன்னு நினைச்சீங்க? அத்தனையும் என்ற ரேடியேட்டர் தண்ணி."

"அப்ப என்ற பட்டறைக் கூரை ஒழுகுனதுக்கு நீதான் காரணமா?" என்று பொன்னுசாமி எழுந்தேவிட்டார்.

"ஏனுங்க, எங்க வீட்டுச் சிறுவாணித் தண்ணிக் குடத்துல அந்த வருஷம் லேசா எண்ணெய் மெதந்துதுங்க" என்றார் கந்தவேல் யோசனையோடு.

புளுகியவரே ஒரு நிமிஷம் ஆடிப்போனார்.

"அஞ்சே முக்காலுக்கு எட்டு நிமிஷம் இருக்குதுங்க" என்றாள் தெய்வாத்தாள்.

வெள்ளிங்கிரி எழுந்து லாரிக்குப் போனார். மூடியை உள்ளும் புறமும் தடவினார். காய்ந்திருந்தது. கொண்டுவந்து மாட்டினார். சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

கிர்ர்.

மயில்சாமி சிரிக்க ஆரம்பித்தார். ரெண்டாம் தரம் கிர்ர். கந்தவேல் லாரியின் பின்கதவைத் திறக்கப் போனார். மூன்றாம் தரம் செவலை ரெண்டு இருமல் இருமியது, பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. முதல் கியர் விழுந்தது. முன்சக்கரத்தடியில் பழங்கள் பொளுக்கென்று நசுங்கின, பின்சக்கரமும் ஏறி இறங்கியது. மயில்சாமியும் பொன்னுசாமியும் ஆளுக்கொரு பக்கம் தெறித்தார்கள். செவலை வாசலைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, எதிர் மதிலோரம் போய் உறுமிக்கொண்டு நின்றது.

வெள்ளிங்கிரி அழுதுவிட்டார். கொஞ்சம் கூட வெட்கப்படவில்லை. முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, மூன்று உலகத்தையும் ஜெயித்தவர்போல் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

திரும்பினால், தெய்வாத்தாள் காலியான ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "மயில்சாமி, பொன்னுசாமியண்ணா, கந்தவேலண்ணா, ஆளுக்கொரு கை குடுங்க. நல்ல நேரம் முடியறதுக்குள்ள கிரைண்டரை வெச்சுப்போடலாம்."

"ஏ புள்ள!" வெள்ளிங்கிரி ஓடி வந்தார். "பழந்தான் நசுங்கிருச்சே! ஜெயிச்சது நானில்ல?"

"நீங்கதானுங்க ஜெயிச்சீங்க. அதான் வண்டி இரும்புக் கடைக்குப் போகலை. ஓடாத வண்டிக்குத்தான் ஷெட்டு வேணும். ஓடுற வண்டி ரோட்டுல நிக்கட்டும், ஊர்ல எல்லாரு வண்டியும் அப்படித்தான நிக்குது?"

வெள்ளிங்கிரி சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டையும் ஷெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலையில ஓடுனதை நானும் கேட்டனுங்க" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "கிரைண்டரை நிறுத்திப்போட்டுக் கேட்டேன். நல்ல சத்தம்."

மறுநாள் பேக்கரியில் டீ குடிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், மதிலோரம் நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்து விசாரித்தார். வெள்ளிங்கிரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ற வண்டிதானுங்க. நேத்து ஷெட்டுல இருந்து எடுத்தேன். கெளம்புன வேகம் அப்படி. அந்தக் காத்து இழுத்த இழுப்புல, வீட்டுக்குள்ள இருந்த கிரைண்டரு நாலும் தானா உருண்டு வந்து ஷெட்டுக்குள்ள வரிசையா நின்னுருச்சுங்க! வேணும்னா போய்ப் பாருங்க, இப்பவும் அங்கயேதான் நிக்குது."

வெளியூர்க்காரர் கல்லாவில் இருந்த மயில்சாமியைப் பார்த்தார்.

மயில்சாமி முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "ஆமாங்க" என்றார். "அந்தக் காத்துக்கு இன்னும் இடுப்பு நிமுரலை."