லாசருவின் பாதி வாய்

அந்தக் காலத்தில் கணினிப் பெட்டிகளும் கம்பிகளும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. ஒரு நீளமான மேசைதான் அவர்களுக்கு ஊர். கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனதும் ஊர் இருண்டுவிடும். அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. அன்று மட்டும் இருந்தது. கிறீச், டக். கிறீச், டக். யாரோ தகரத்தை வாசல் வாசலாகத் தேய்த்துக்கொண்டு வருவது போல.

செலஸ்தீனா காதைத் தீட்டிக்கொண்டாள். மேசையின் நடுவில் இருந்த பெட்டி அவள். மடியில் பிறந்து மூன்று நாளே ஆன குழந்தை. அந்த ஊரில் குழந்தை என்றால் மனிதர்கள் கொண்டுவந்து கொடுக்கும் படமோ பாட்டோ குரலோதான். அவளுடையது ஒரு சின்னப் புகைப்படம். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. கணவர் மானிட்டரை எழுப்பலாம் என்றால், ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடுகிற மனிதர் அவர். தூங்கி வெகுநேரம் ஆகிவிட்டது.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஊர் வீடுகளுக்கு வாசல் உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. வருகிற விருந்தாளிகளான பென்டிரைவ்களுக்கு அப்போதெல்லாம் வாய் முழுக்க அடைத்திருக்கும். எந்தப் பக்கமாக வந்தாலும் நேராக உள்ளே போய்விடலாம். வந்தவரை நிறுத்தி யார், என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. அப்படித்தான் ஐந்து நாளைக்கு முன்னால், தங்க மூடி போட்டு மாப்பிள்ளை மாதிரி வந்த ஒருவனை மூலைவீட்டு ரெஜினா அக்கா கேள்வி கேட்காமல் உள்ளே விட்டார். அடைத்த வாய்க்குள் அவன் ஒரு புழுவை ஒளித்து வைத்திருந்தான். விடிந்து பார்த்தால் அக்காவின் பிள்ளைகளுக்கு வெறும் பெயர்தான் மிச்சம். உள்ளே ஒன்றும் இல்லை.

அதைக் கேட்ட அன்றே செலஸ்தீனா தன் விலாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒடித்தெடுத்து வாசலின் மேல்பாதியில் தாழ்ப்பாளாகப் பொருத்தினாள். பொருத்தி என்ன பயன்? தாழ் போய் விழுவதற்கு எதிரே ஒரு குழி வேண்டாமா? அது பாதி வாசலில் அந்தரத்தில் ஆடிக்கொண்டு நின்றது. மறுநாள் குழந்தை வந்தது. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் தாழ்ப்பாள் என்று அவளுக்கு மூன்று நாளாகத் தூக்கமே இல்லை.

கிறீச், டக். சத்தம் அவள் வாசலிலேயே வந்து நின்றது.

"யாரது?"

"நான்தான் தங்கச்சி. லாசரு."

லாசருவை எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் கூறு போட்டு விற்ற பென்டிரைவ் கூட்டத்தில் வந்தவன். செய்தவன் சிக்கனம் பார்த்து வாயைப் பாதிதான் அடைத்து, மீதியைப் பொக்கையாகவே விட்டுவிட்டான். எந்த வாசலிலும் அவன் பொருந்தி நின்றதில்லை. லொடலொடவென்று ஆடுவான், பேச்சு பாதியில் இருக்கும்போதே நழுவி வெளியே விழுவான். பொக்கை வாய்க்கு ஒரு வாழைப்பழம் வாங்கித் தரட்டுமா என்று கேலி செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவான்.

அன்று அவன் சிரிக்கவில்லை. ரெஜினா அக்கா விசிறி நின்றுபோய், சூடு தாங்காமல் அடங்கிவிட்டார் என்று சொன்னான். புழு தொடாமல் மிஞ்சியிருந்த ஒரே பிள்ளையைக் கடைசி நேரத்தில் அவனிடம் கொடுத்திருக்கிறார். ஆறு நொடி நீளமுள்ள ஒரு சிரிப்பு. ஏழு வாசல் ஏறி இறங்கிவிட்டானாம், ஒருவரும் வாங்கவில்லை.

"என் உடம்பு கொதிக்குது தங்கச்சி. என்கிட்ட இது விடியும்வரை தங்காது. பிள்ளையை மட்டும் வாங்கிக்கோ. நான் வெளியவே கிடக்கேன்."

பக்கத்து வீட்டு பிரிண்டர் ஞானசீலி அக்கா இருட்டிலிருந்து குரல் கொடுத்தார். வாயில் தாள் சிக்கினாலும் சிக்கும், பேச்சு சிக்காது அவருக்கு. "ஏட்டி, புழு விழுந்த வீட்டுப் பிள்ளை அது. ஒட்டிக்கிட்டு வந்திருந்தா யாருக்குத் தெரியும்? உனக்குன்னு ஒண்ணு மடியில கிடக்கு, அதைப் பாரு."

செலஸ்தீனா அதைப் பார்த்தாள். பெயரில்லாத முகம். உள்ளே வெறுமையாகிப்போனால் அந்த முகம் எப்படியிருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தாள். மாதாவே என்று தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

லாசரு மெல்ல வாசலில் வாயை வைத்தான். சொல்லப்போனால் அவன் சரியாகத்தான் வந்தான். பொக்கைப் பக்கம் மேலே, தாழ்ப்பாளுக்கு நேராக. ஆனால் அவள் கண்ணைத் திறந்து பார்த்தால்தானே? பயத்தில் தாழ்ப்பாளைக் கீழே அழுத்தி அவனை வெளியே தள்ளிவிட்டாள்.

எல்லா வாசலிலும் தள்ளப்பட்டுப் பழகியவன். தப்பு தன் பேரில்தான் என்று நினைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோ தங்கச்சி, தலைகீழா வந்துட்டேன் போல" என்று குப்புறத் திரும்பி மறுபடி முயன்றான். இப்போது அடைத்த பாதி தாழ்ப்பாளில் முட்டியது. டக். அவள் கண்ணைத் திறந்தாள். எதிரே வெறும் தகரமும் அடைப்பும். தங்க மூடிக்காரன் வாய் போலவே இருந்தது. தாழ்ப்பாளை இன்னும் கீழே அழுத்தினாள்.

அந்தத் தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஆறு நொடிகூட இல்லை. நான்கிலேயே இழுத்துக்கொண்டு அறுந்தது. மறுபடி கேட்டபோது மூன்று.

செலஸ்தீனாவின் மடியில் இருந்தது புரண்டு படுத்தது.

"அண்ணே, போயிடாதீங்க" என்றாள். "இன்னொரு தரம் திரும்புங்க. வாயைக் காட்டுங்க. நான் பார்க்கணும்."

அந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. லாசருவுக்குக் கூச்சமாக இருந்தது. ஊரே கேலி செய்த ஓட்டை. அதைப் போய் ஒரு பெண்ணிடம் காட்டுவதா? ஆனாலும் திரும்பினான்.

அவள் குனிந்து பார்த்தாள். அடைக்காமல் விட்ட பாதி வழியே அவன் உள்ளே முழுவதும் தெரிந்தது. நான்கு பொன் கோடுகள். அவற்றுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்தில் சுருண்டு கிடந்தது அந்தச் சிரிப்பு. வேறொன்றும் இல்லை. ஒளித்து வைக்க அந்த ஏழைக்கு இடமே இல்லை.

அவள் தாழ்ப்பாளை அழுத்துவதை விட்டாள்.

"வாங்க அண்ணே. மெதுவா."

அவன் உள்ளே வந்தான். பட்டை அவன் வாயின் வெற்றிடத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய், குழி தேடி அலைந்த தாழ் குழியில் விழுவது போல அமர்ந்தது. லாசரு ஆடவில்லை. நழுவவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு வாசல் அவனைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பு நான்கு பொன் கோடுகள் வழியாக நடந்து அவள் மடிக்கு வந்து, பெயரில்லாத குழந்தைக்குப் பக்கத்தில் படுத்து, ஆறு நொடியும் முழுதாகச் சிரித்தது. வெளியே இருந்து இனி எவனும் நுழைய இடமில்லை. வாசலை அடைத்துக்கொண்டு லாசரு படுத்திருந்தான். செலஸ்தீனா கையை எடுத்துப் பார்த்தாள். தாழ்ப்பாள் தானாகவே நின்றது.

அன்று முதல்தான் எல்லாப் பெட்டிகளின் வாசலிலும் பாதித் தாழ்ப்பாளும், எல்லாப் பென்டிரைவ்களுக்கும் பாதி வாயும் வந்தன. அன்று முதல்தான் சரியாகவே வருகிற விருந்தாளியும் முதலில் முட்டி, திரும்பி முட்டி, இன்னொரு தரம் திரும்பி வாயைக் காட்டிய பிறகு உள்ளே போகிறான், வாசலும் உள்ளிருந்து தாழிட்டுக்கொள்கிறது.