தண்டபாணியின் கையில் ஒரு சுடு டம்ளர்

கோயமுத்தூரில் ஒரு கம்பெனி. கம்ப்யூட்டரில் செருகும் கார்டுகளை இயக்குகிற டிரைவர் புரோகிராம் எழுதுவதுதான் அங்கே தொழில். தலைமை இன்ஜினியர் தண்டபாணி வைத்ததே சட்டம். அதைப் போர்டிலும் எழுதி வைத்திருந்தார்: 'மெமரி கேட்டால் கிடைக்கும்வரை காத்திரு. உடனே கொடு என்று பறக்காதே.'

அந்தச் சட்டப்படி எழுதிய புது டிரைவர், வெளியிலிருந்து தகவல் வந்து விழும்போதெல்லாம் கம்ப்யூட்டரையே உறைய வைத்தது. வந்ததை வைக்க மெமரி கிடைக்கும்வரை, அதைக் கையில் ஏந்திக்கொண்டு எந்த ப்ராசஸர் காத்திருக்கும்?

"சட்டத்தைத் தொடாம சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற வேலை பாரு" என்று புதிதாகச் சேர்ந்த பூவிழியிடம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் தண்டபாணி.

"சரிங்க சார்" என்று பூவிழி நேரே கேன்டீனுக்குப் போனாள். விளிம்புவரை கொதிக்கும் காபி ஊற்றிய டம்ளரை, டபரா இல்லாமல் கொண்டுவந்து, போர்டு முன்னால் நின்ற தண்டபாணியின் கையில் திணித்தாள்.

"டபரா கழுவப் போயிருக்குதுங்க. வர்றவரைக்கும் பிடிச்சுட்டே காத்திருங்க சார்."

"ஐயோ, கை வேகுது! இருக்கிறதை உடனே கொடு, இல்லேன்னா இல்லைன்னு சொல்லு, கீழே கொட்டிடறேன்!"

"இதையேதானுங்க நம்ம டிரைவரும் கேக்குது" என்று பூவிழி ஒரு பேப்பர் கப்பை நீட்டினாள். ஆபீஸே சிரித்தது.

தண்டபாணி கையை ஊதிக்கொண்டே விறைத்தார். "அப்போ இனிமே எல்லாரும் எப்பவும் உடனே கொடுன்னே கேளுங்க!"

"அவசரத்துக்குன்னு கேன்டீன்ல வச்சிருந்தது இந்த ஒரு கப்புதானுங்க. சாவகாசமா உட்கார்ந்திருக்கிறவங்களும் இதையே கேட்டா, அடுத்த தடவையும் உங்க கைதானுங்க வேகும்."

தண்டபாணி வெந்த கையாலேயே போர்டில் இருந்த சட்டத்தை அழித்தார்.