தூளிக்குள் முதலில் கல்

கர்ர்… கர்ர்…

விளக்கு வைத்த பிறகு, கோட்டைக் கதவுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வரும். எலி தேங்காய் சுரண்டுகிற மாதிரி. பூவாயி கைக்குழந்தையை இறுக்கிக்கொள்வாள்.

செங்குன்ற நாட்டை வீரவல்லபன் என்றொரு ராஜா ஆண்டிருந்த பழைய காலம் அது. மனசு குளிர்ந்தால் ஊரையே எழுதிக் கொடுப்பார்; மூக்கு சிவந்தால் எதிரே நிற்பவன் மூக்கையே அறுப்பார். அப்போது ஆற்றுக்கு அக்கரையில் எதிரிப்படை கூடாரம் அடித்திருந்தது.

பூவாயியின் புருஷன் சடையன் வாசல் காவல்காரன். "கதவுக்குக் குறுக்கே போட்ட கணையமரத்தை வண்டு கர்ர்கர்ரென்று குடைந்து உளுத்துப் போச்சுங்க. யானை முட்டினால் தாங்காது" என்று சபையில் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். மந்திரி கொண்டல்ராயர் குதித்தெழுந்தார்.

"எதிரி வாசலில் நிற்கும்போது சொந்தக் கோட்டையைக் குறை சொல்கிறான்! இவன் யார் பக்கம், மகாராஜா?"

சடையனின் நாக்கை மறுநாள் மாலை அறுக்க வேண்டுமென்று உத்தரவாயிற்று.

ராஜாவுக்கு அந்த மரம் வெறும் மரமில்லை. சண்டையே இல்லாத நாளில் அது வாசலோரம் மழையிலும் வெயிலிலும் சும்மா கிடந்தது. பிள்ளைகள் அதன்மேல் யானைச் சவாரி போவார்கள். சின்ன வயதில் ராஜாவும் போனவர்தான், பூவாயியும் போனவள்தான். கதவு சாத்தாத ராத்திரிகள் அவை. வண்டிமாட்டு மணியும் பூக்காரி குரலும் விடியவிடியக் கேட்கும். அந்த மரத்தைக் குறை சொன்னால் மனசு தாங்குமா?

சடையனைப் பிடித்துப் போனதிலிருந்து பூவாயி வீட்டுக் கதவைத் தாழிடவில்லை. காலையில் குழந்தையோடு சபைக்குப் போனாள்.

"அழ வந்தாயா?" என்றார் ராஜா.

"இல்லீங்க, யோசனை சொல்ல வந்தேன். இன்றைக்கு இளவரசருக்குத் தொட்டில் போடுகிற நாளாமே. அந்தக் கணையமரத்திலேயே தூளி கட்டினால் ஊருக்கே தைரியம் வரும்!"

"பலே! இதுவல்லவோ நாட்டுப்பற்று!" ராயர் கைதட்டினார்.

கோட்டைக் கதவில் தலைக்கு மேலே குறுக்காகக் கிடந்த மரத்தில் பட்டுத் தூளி கட்டியாயிற்று. ராணி பிள்ளையோடு வந்தாள். பூவாயி அம்மிக் குழவியை எடுத்தாள். பிள்ளைக்கு முன்னால் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டிப் பார்ப்பது அந்த நாட்டு வழக்கம்.

"ராயரே, கல்லைப் போட்டால் மரத்தைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகுமே? நேராகப் பிள்ளையையே போட்டுவிடலாமா? நீங்களே சொல்லுங்க."

ராயர் ராஜாவைப் பார்த்தார். ராணியைப் பார்த்தார். "அது… வழக்கம் என்று ஒன்று…"

ராணி பிள்ளையை மார்போடு அணைத்தாள். "கல்லைப் போடு, பூவாயி."

போட்டு வீசி ஆட்டினாள். மடக்! மரம் இரண்டாய் முறிந்தது. ராயர் தலைப்பாகையெல்லாம் மரத்தூள்.

"என் வீட்டுக்காரர் செய்ததும் இதுதானுங்க," என்றாள் பூவாயி. "பிள்ளைக்கு முன்னால் கல்லைப் போட்டார்."

ராஜா ஒரு துண்டை எடுத்துத் தடவினார். "இதில்தான் நான் யானைச் சவாரி போனேன்."

"நானுந்தானுங்க."

ராஜா சிரித்தார், கண் கலங்கியிருந்தது. பிறகு திரும்பினார்.

"ராயரே, உம் புது மாளிகைக்கு வைரம் பாய்ந்த தேக்கு உத்தரமாமே?"

"ஆ… ஆமாம், மகாராஜா."

"கழற்றும். உம் நாட்டுப்பற்றையும் ஆட்டிப் பார்ப்போம்."

பொழுது சாய்வதற்குள் கோட்டைக்குப் புதுக் கணையமரம் ஏறியது. குழவி கட்டி ஆட்டிக் காட்டியவர் ராயரேதான். சடையன் வாசல் காவலுக்குத் தலைவனானான்.

இருட்டியதும் வீட்டுக்கு வந்தவன், "கதவைத் திறந்தா போட்டு வச்சிருந்தே?" என்றான்.

"நீங்க வரணுமில்ல."

குழந்தையை அவன் மடியில் விட்டு எழுந்தாள். தாழ்ப்பாள் ஆடுகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளேயிருந்து தாழிட்டாள்.